பழுதானால் வாற ஆள்

அவவின்ர பேரை நான் இதில எழுதமாட்டன். மரியாதைக்காக எண்டு நினைச்சிடாதேங்கோ. அவ இப்ப கனடாவில மகளோட இருக்கிறா. பேரைப் போட்டால் ஆராவது இதைப் படமெடுத்து வட்ஸப்பில அனுப்புவினம். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசிச்சிட்டு, "பிள்ளை நல்லா எழுதியிருக்குது" எண்டு எனக்கே ஃபோன் எடுத்துச் சொல்லுவா. அப்பிடிச் சொல்லக்கூடிய ஆள்தான். அதைக் கேக்கிற முகம் எனக்கில்லை.

வெள்ளவத்தையில கல்வெட்டு அன்ரி எண்டால் கனபேருக்குத் தெரியும். கல்லுக்கும் அவவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கட ஆக்களில ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வாறவைக்கு ஒரு சின்னப் புத்தகம் குடுக்கிறது வழக்கம். அதைத்தான் கல்வெட்டு எண்டுறது. முன்னுக்கு அவரின்ர படம், பிறகு அவரின்ர வாழ்க்கை, கொஞ்சம் தேவாரம், நடுப்பக்கத்தில குடும்ப மரம். அதை ரைப் பண்ணி, பக்கம் பிரிச்சு, அச்சடிக்கக் குடுக்கிறமாதிரிச் செய்யிறது அன்ரியின்ர வேலை. எங்கட லேனுக்கு அடுத்த லேனில, கடற்கரைப் பக்கம், மூண்டாம் மாடி. ஹோலில யன்னலோரமா ஒரு கம்பியூட்டர். வேலை இல்லாத நேரம் அதுக்கு மேல ஈரமில்லாத துவாய் ஒண்டு போத்தியிருக்கும். உப்புக்காத்து உள்ளுக்குப் போகாதாம். போகாமல் இருக்குமோ? ஆனாலும் போத்துவா.

அங்கிள், அதாவது அவவின்ர புருசன், துறைமுகத்தில கிளார்க்கா இருந்து பென்சன் எடுத்தவர். பிழை பாக்கிறது அவர்தான். சாய்மனைக் கதிரையில படுத்துக்கொண்டு பலத்து வாசிப்பார். செத்தவர் எங்க பிறந்தவர், எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சவர், எந்தக் கந்தோரில வேலை பாத்தவர் எல்லாம் கீழ்மாடி வரைக்கும் கேக்கும். அன்ரி கவனமா இருக்கிறது மட்டும் நடுப்பக்கத்துக்கு. "மற்றதை ஒருத்தரும் வாசிக்கமாட்டினம் பிள்ளை. சாப்பிட இருந்த உடனே மரத்தைத்தான் விரிப்பினம். தங்கட பேர் இருக்கோ எண்டு பாக்க" எண்டு சொல்லுவா.

இனி அவவின்ர குணத்துக்கு வாறன். எந்தச் சாமானை வாங்கப் போனாலும் அவ கேக்கிறது ஒரே ஒரு கேள்வி. இது நல்லதோ எண்டு கேக்கமாட்டா, எத்தினை வருசம் உழைக்குமெண்டும் கேக்கமாட்டா. பழுதாப் போனால் ஆர் வருவினம்? அதுதான் கேள்வி.

காலி வீதியில ஒரு பெரிய கடைக்கு வோஷிங் மெஷின் எடுக்கப் போகேக்க நானும் கூடப் போனனான். கழுத்துப்பட்டி கட்டின பெடியன் ஒருத்தன் இங்கிலீசும் சிங்களமுமா அரை மணித்தியாலம் விளக்கம் குடுத்தான். அவன் மூச்சு விட்ட இடைவெளிக்குள்ள அன்ரி கேட்டா: "மல்லி, மேக்க ஹதன கெனா கொஹெத இன்னே?" இதைத் திருத்திற ஆள் எங்க இருக்கிறார் எண்டு. ஹெட் ஒஃபிசுக்கு ஃபோன் பண்ணினால் ஆள் அனுப்புவினம் எண்டான். "ஹா, ஹரி", சரி சரி எண்டு சொல்லிப்போட்டு என்ர கையைப் பிடிச்சு வெளியில கூட்டிக்கொண்டு வந்திட்டா. பிறகு வாங்கினது ஆருக்கும் பேர் தெரியாத ஒரு மெஷின். ஏனெண்டால் அதைத் திருத்திறவர் மார்க்கெற்றுக்குப் பின்னால குடியிருந்தவர். அது ஓடேக்க வீடு அதிரும். ஆனால் அவர் வருவார், உண்மை.

மகளுக்கு மாப்பிள்ளை பாத்ததும் இப்பிடித்தானாம். டொக்டர் ஒருத்தரை வேண்டாமெண்டு சொன்னவ. ஏன் அன்ரி எண்டு கேட்டன். "அவர் தனிப்பிள்ளை. ரெண்டுபேரும் சண்டை பிடிச்சால் நான் இஞ்சயிருந்து ஆரோட கதைக்கிறது? இப்ப இருக்கிறவருக்கு அதே ஊரில ஒரு மூத்த அக்கா இருக்கிறா. நல்ல வாய்க்காரி. ஒரு சொல்லுச் சொன்னால் பெடியன் அடங்கிடுவான்."

"அப்ப அங்கிளையும் அப்பிடிப் பாத்தே கட்டினீங்கள்?"

"பின்னை? மாமி எங்கட வீட்டுக்கு மூண்டு வீடு தள்ளி இருந்தவ. பிழையெண்டால் நடந்துபோய்ச் சொல்லலாம்."

"நாலு தரம் போய்ச் சொன்னவ" எண்டு சாய்மனைக் கதிரையிலயிருந்து சத்தம் வந்தது.

நான் விழுந்து விழுந்து சிரிச்சனான். உள்ளுக்குள்ள எனக்கொரு இளக்காரமும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேணும். ஒரு சாமானை அதின்ர தரத்தைப் பாத்து எடுக்கிறதோ, திருத்திறவன்ர வீட்டு விலாசத்தைப் பாத்து எடுக்கிறதோ? நான் ஒரு கொம்பனியில சேர்வர்களைப் பாக்கிற வேலை செய்யிறனான். எனக்கு எல்லாம் தெரியுமெண்ட எண்ணம்.

போன வருசம் அவவின்ர திரையில அந்த அறிவித்தல் வந்தது. விண்டோஸ் பத்துக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது எண்டு. பதினொண்டைப் போட அந்தக் கிழட்டு மெஷினுக்குச் சக்தி காணாது. முந்தி வந்து பாக்கிறவர் குடும்பத்தோட அவுஸ்திரேலியாவுக்குப் போயிட்டார். அன்ரி பாஸ்போட் முடிஞ்ச ஆள் மாதிரிப் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டா.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். விண்டோசுக்குப் பதிலாக் காசில்லாமல் போடக்கூடியது லினக்ஸ். சனிக்கிழமையளில கூடுற எங்கட லினக்ஸ் குழுவில நான் ஒருத்திதான் பொம்பிளை. ஒரு ஆளை விண்டோசில இருந்து மாத்திறதெண்டால் அங்க பெரிய விசயம். மூண்டு பென்டிரைவோட போனன், ஒவ்வொண்டிலயும் ஒரு வகை லினக்ஸ். ஒண்டில மிண்ட், ஒண்டில உபுண்டு, மூண்டாவதில நான் அப்ப தலையில தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்ச ஒண்டு. அதின்ர பேரைச் சொல்லேல்லை. அதில ஒரு பிழையும் இல்லை, தெரிஞ்ச ஆளின்ர கையில அது நல்ல சாமான். ஆனால் ஒவ்வொரு நாளும் புதிசு புதிசா அப்டேட் வரும், வாறதில எப்பவாவது ஒண்டு மெஷினையே விழுத்திவிடும். பிறகு கறுப்புத் திரையில கட்டளை அடிச்சுத்தான் எழுப்பவேணும்.

ஒரு மணித்தியாலம் விளக்கினன். மிண்ட் விண்டோஸ் மாதிரியே இருக்கும், உபுண்டுவுக்கு உதவி எங்கயும் கிடைக்கும், மூண்டாவது வலு வேகம் எண்டெல்லாம். அன்ரி பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைச்சிட்டு, கைகட்டிக்கொண்டு கேட்டா.

"பழுதாப் போனால்?"

"நான் வருவன் அன்ரி."

"எதைப் போட்டாலுமோ?"

"எதைப் போட்டாலும்."

"அப்ப எதெண்டாலும் சரி. உமக்குப் பிடிச்சதைப் போடும்."

"ஓடுற ஒண்டை ஏன் பிள்ளை குழப்புறியள்?" எண்டார் அங்கிள். ஒருத்தரும் அவருக்குக் காது குடுக்கேல்லை.

இந்த இடத்தில நான் மிண்டைப் போட்டிருக்கவேணும். வேறை ஆருக்கும் சொல்லுறதெண்டால் அதைத்தான் சொல்லுவன். ஆனால் அதுக்கு முதல் சனிக்கிழமைதான் குழுவில ஒருத்தன் "மிண்டெல்லாம் அன்ரிமாருக்கு" எண்டு பகிடி விட்டவன். நானும் சேந்து சிரிச்சனான். எனக்கு முன்னால நிக்கிறது ஒரு அன்ரிதானே எண்ட யோசினை வரேல்லை எண்டு சொன்னால் பொய். வந்தது. வந்தும் மூண்டாவதைத்தான் செருகினன்.

முதல்நாளே ஒரு கூத்து. அன்ரி ரைப் பண்ணிறது பாமினி எழுத்துருவில. அதில கம்பியூட்டருக்குள்ள போறதெல்லாம் ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதைத் தமிழாக் காட்டும். நான் அதைப் போட மறந்துபோனன். இருபது வருசக் கல்வெட்டும் தலைகால் விளங்காத இங்கிலீசில நிண்டுது. அன்ரி கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா.

"ஐயோ பிள்ளை, எங்கட ஆக்கள் செத்தும் வெள்ளைக்காரராப் போயிட்டினமே!"

அங்கிள் இருமி இருமிச் சிரிச்சார். எழுத்துருவைப் போட்டன், எல்லாரும் திரும்பித் தமிழராகிச்சினம். அன்ரி சந்தோசமாத் திரைக்கு முன்னால இருந்தா, நான் ஒரு படம் எடுத்தன். வீட்டுக்கு வந்து குழுவில போட்டன்: "அறுபத்தேழு வயசு. விண்டோஸ் இல்லை." கைதட்டலும் இதயமுமா வந்து குவிஞ்சுது. மிண்டோ எண்டு ஒருத்தன் கேட்டான். இல்லை எண்டு நான் எழுதினதில இருந்த பெருமையை இப்ப நினைச்சாலும் காது சுடுது.

அப்டேட் எண்டு வந்தால் பேசாமல் அமத்துங்கோ எண்டு அன்ரிக்குச் சொல்லிக் குடுத்திருந்தன். ஒவ்வொரு நாளும் விளக்கேத்திறமாதிரி அமத்திக்கொண்டு வந்தா. முதல் ரெண்டு தரம் சின்னப் பிரச்சினைக்குக் கூப்பிட்டா, ஓடிப்போனன். மூண்டாந்தரம் அடுத்தநாள் போனன். நாலாந்தரம் ஃபோனிலயே சொல்லி முடிச்சன்.

அதுக்குள்ள அங்கிளுக்கு நெஞ்சு வருத்தம் கூடிப்போச்சு. அவருக்கே விளங்கியிருக்கவேணும். ஒரு நாள் அன்ரியைக் கூப்பிட்டுப் பக்கத்தில இருத்தி, தன்ர மரத்தைத் தானே சொல்லிச் சொல்லிப் போடுவிச்சாராம். தாத்தாவின்ர தகப்பன், அவரின்ர சகோதரங்கள், அவையின்ர பிள்ளையள். யுத்தத்துக்குள்ள ஆறேழு நாட்டுக்குச் சிதறின சனம். அவ்வளவு பேரையும் தலைக்குள்ள வைச்சிருந்தது அவர் ஒருத்தர்தான். மூண்டு பின்னேரம் எடுத்ததாம். அடுத்த மாசம் போயிட்டார்.

செத்தவீட்டுக்குப் போனனான். அன்ரி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "ஊருக்கெல்லாம் செய்தன் பிள்ளை, இப்ப இவருக்குச் செய்யப்போறன்" எண்டா. நான் அழுதிட்டன்.

அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை இருக்கும், அன்ரியின்ர ஃபோன் வரத் துவங்கிச்சு. முதல் மூண்டு தரமும் அடிச்சு ஓயும்வரை பாத்துக்கொண்டு இருந்தன். அவ விட்ட குரல்பதிவைக் கேட்டனான். திரை கறுப்பா நிக்குது, வெள்ளை எழுத்தில என்னவோ எழுதியிருக்குது. கம்பியூட்டரை த்ரீவீலில ஏத்திக்கொண்டு காலி வீதியில ரெண்டு கடைக்குப் போனவவாம். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு விண்டோஸ் போட்டுத் தரலாம், உள்ள இருக்கிறது போயிடும் எண்டு சொல்லியிருக்கிறாங்கள். "நான் விடேல்லை பிள்ளை. அவர் சொன்ன பேரெல்லாம் அதுக்குள்ள. நீர் ஒருக்கா வந்து பாரும்."

ஏன் போகேல்லை? வேலை, களைப்பு எண்டு ஆயிரம் சொல்லலாம். உண்மை என்னெண்டால் எனக்குப் பயம். திறந்து பாத்து எல்லாம் போயிருந்தால், போக்கினது நான். போகாமல் இருக்கும்வரைக்கும் அது எனக்குத் தெரியாது. இன்னொண்டும் இருக்கு. அந்தச் சனிக்கிழமை குழுவில என்ர பேச்சு. விண்டோசில இருந்து வாற ஆளுக்கு முதல் லினக்ஸா எதைத் தெரிவு செய்யிறது எண்டுதான் தலைப்பு. வீட்டில இருந்து அன்ரியின்ர படத்தைப் பெரிசா வைச்சு ஸ்லைட் செய்துகொண்டிருந்தன்.

பின்னேரம் நாலு மணி இருக்கும், அவசரத்தில பேரைப் பாக்காமல் ஃபோனைத் தூக்கிட்டன்.

"பிள்ளை, எங்க நிக்கிறீர்?"

"கண்டியில அன்ரி. ஒஃபிஸ் வேலையா வந்தனான். முடிய ஒரு கிழமை ஆகும்."

வாயில அப்பிடியே வந்தது. அன்ரி என்னவோ சொல்லத் துவங்கினா. அந்த நேரம் பாத்து ரெயில் வந்தது. வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. ரெயில் போகேக்க கதையை நடுவில நிப்பாட்டுவம், போய் முடிஞ்ச பிறகு விட்ட இடத்தில துவங்குவம். சின்னனில இருந்து வந்த பழக்கம், யோசிச்சுச் செய்யிறதில்லை. அவ நிப்பாட்டினா. நானும் நிப்பாட்டினன். அவவின்ர யன்னலுக்குக் கீழ போன அதே ரெயில் என்ர யன்னலுக்குக் கீழயும் போச்சு. கடைசிப் பெட்டி போகும்வரைக்கும் ரெண்டுபேரும் ஃபோனைக் காதில வைச்சுக்கொண்டு பேசாமல் நிண்டம்.

சத்தம் அடங்கின பிறகு அன்ரி சொன்னா: "சரி பிள்ளை. கவனமா வாரும்."

பிறகு அவ எடுக்கேல்லை. சனிக்கிழமை நான் பேச்சுக்குப் போனன். ஓம், போனன். படம் திரையில வந்த உடனே கைதட்டினாங்கள். இப்பவும் பாவிக்கிறாவோ எண்டு பின்வரிசையில இருந்து ஒருத்தர் கேட்டார். ஒரு கரைச்சலும் இல்லாமல் பாவிக்கிறா எண்டு சொன்னன்.

முப்பத்தோராம் நாள் கோயில் மண்டபத்தில. போகாமல் விட்டால் அம்மா ஏன் எண்டு கேப்பா, அதுக்காகத்தான் போனன். வாழையிலைக்கு முன்னால இருந்தன், கையில கல்வெட்டைத் தந்தினம். அன்ரி ஃபோட்டோக்கொப்பி எடுக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடையில போய் இருந்து, தெரியாத கம்பியூட்டரில ரைப் பண்ணியிருக்கிறா. படம் இருந்தது, வாழ்க்கை இருந்தது, தேவாரம் இருந்தது. நடுப்பக்கத்தில அங்கிளின்ர தாய் தகப்பன், சகோதரங்கள், அன்ரி, மகள், மருமகன், பேரப்பிள்ளையள். மிச்சம் வெள்ளை.

எனக்கு ரெண்டு இலை தள்ளி ஒரு வயசாளி இருந்தார். அங்கிளின்ர சித்தப்பா முறையில ஒருத்தற்ர பிள்ளை, தீவுப்பக்கத்தில இருந்து பஸ்ஸில வந்தவர். அவர் நடுப்பக்கத்தை விரிச்சுப் பாத்தார். பிறகு முன்பக்கம், பின்பக்கம், திரும்ப நடுப்பக்கம். ரெண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கோ எண்டு விரலால உரசிப் பாத்தார். சோறு வந்ததும் தெரியாமல் பிரட்டிக்கொண்டு இருந்தார். அன்ரி அந்தப் பக்கம் வந்தா.

"தங்கச்சி, நாங்கள் இதில இல்லையோ?"

"என்ர பிழை அண்ணை" எண்டா அன்ரி. "பேருகளைக் கவனமா வைச்சிருக்கத் தெரியாமல் போச்சு. குறை நினையாதேங்கோ."

கம்பியூட்டர் எண்ட சொல்லே அவவின்ர வாயில வரேல்லை. நான் அங்கதான் இருக்கிறன் எண்டு அவவுக்குத் தெரியும். என்ர இலையில பருப்பு காணுமோ எண்டு பாத்து இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிட்டுப் போனா. எனக்கு அந்த இடத்திலயே நிலம் பிளந்தால் நல்லம் போல இருந்தது. எழும்பி, அவவின்ர பிழை இல்லை ஐயா, என்ர பிழைதான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. சாப்பிட்டு முடிச்சு, இலையை மடிச்சுப்போட்டு, கைகழுவிக்கொண்டு வந்திட்டன்.

நாலு நாள் கழிச்சுப் பென்டிரைவோட போனன். அன்ரி கதவைத் திறந்து, "வாரும், வாரும்" எண்டு கதிரையை இழுத்துப்போட்டா. துவாயை எடுத்து மடிச்சு மடியில வைச்சுக்கொண்டா. இருபது நிமிசம் எடுத்தது. ரெண்டு கட்டளை, ஒரு ரீஸ்டார்ட். அவ்வளவுதான் வேலை. அரை நாள் லீவு போடத் தேவையில்லாத வேலை. ஒண்டும் அழியேல்லை, எல்லாம் அப்பிடியே இருந்தது.

மரத்தைத் திறந்து குடுத்தன். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலயிருந்து ஒவ்வொரு பேராப் பலத்து வாசிச்சா. மூண்டாம் வரிசையில நிப்பாட்டி, விரலை வைச்சு, "இந்தா இருக்கிறார் பாரும், அண்டைக்குக் கேட்டவர்" எண்டா.

"அன்ரி, அண்டைக்கு நான் கண்டியில..."

"அதை விடும் பிள்ளை."

எனக்கு வாய் சும்மா இருக்கேலாமல் போச்சு. இதை எடுத்துப்போட்டுச் சுகமான ஒண்டைப் போட்டுத்தாறன் எண்டன். மிண்ட் எண்டால் இப்பிடி, உபுண்டு எண்டால் அப்பிடி, வருசக்கணக்கில அசையாமல் நிக்கிறது டெபியன் எண்டு முதல்நாள் மாதிரியே எல்லாத்தையும் திரும்ப ஒப்புவிச்சன். அன்ரி கலண்டரில கிழிச்ச தாள் ஒண்டைத் திருப்பி வைச்சு, பென்சிலை எடுத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரைக்கும் பொறுமையாக் கேட்டுக்கொண்டு இருந்தா.

"இதுகளின்ர வித்தியாசம் எனக்கு விளங்காது பிள்ளை. எதைப் போட்டால் நீர் வருவீர் எண்டு மட்டும் சொல்லும். அதையே போடுவம்."

குரலில ஒரு குத்தலும் இல்லை. உண்மையாத்தான் கேட்டா, எழுதி வைக்கிறதுக்கு.